ஈராண்டுக் கல்லூரிக்கு வழி திறந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர்

எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளே தோட்டத்திலும் பட்டணத்திலும் பேச்சு ஒன்றுதான்: பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது? பல்கலைக்கழக இடம் கிடைக்காத வீட்டிலும், தூரத்துக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டிலும் சமூகக் கல்லூரி என்ற பெயர் அடிபடும். மலேசியாவில் அரசாங்கம் இக்கல்லூரிகளைத் தொடங்கியது 2001இல். கொஞ்சம் பணம் சேர்த்து வைத்த குடும்பம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. முதல் இரண்டு ஆண்டை இங்குள்ள தனியார் கல்லூரியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுக்கு மட்டும் அமெரிக்கா போகலாம்.

நான்காண்டுப் பட்டப்படிப்பை இப்படி நடுவில் இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணத்தை ஊன்றியவர்களில் முதன்மையானவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகள் தங்கள் தந்தை என்று இவரைத்தான் சொல்கின்றன. அப்படிப்பட்ட கல்லூரிகளை நடத்துவதற்கென்றே ஆட்களுக்கு முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்டமும் தரும் துறை பின்னாளில் உருவானது. ஆனால் ஹார்ப்பருக்கு அப்படி ஒரு பயிற்சியும் கிடைக்கவில்லை. அவர் கற்றதெல்லாம் அப்பாவின் கடையிலும் கோடைக்காலப் பள்ளியிலும்தான்.

ஹார்ப்பர் 1856 ஜூலை 24ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் நியூ கான்கார்ட் என்ற சிற்றூரில் மரக்கட்டை வீடு ஒன்றில் பிறந்தார். தந்தை சாமுவேல் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊர் சிறியதென்றாலும் அங்கே மஸ்கிங்கம் என்ற கல்லூரி இருந்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பையனின் படிப்பு வேகத்தைப் பார்த்துப் பத்து வயதிலேயே அவனைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். 14 வயதில் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு விழாவில் அவர் பேசியது எபிரேய மொழியில்.

14 வயதுப் பட்டதாரிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஹார்ப்பர் அப்பாவின் கடைக்குத் திரும்பினார். மூன்று ஆண்டுகள் சாமான் கட்டிக் கொடுத்தார், கணக்கு எழுதினார், கிடைத்த நேரத்தில் மொழிகள் படித்தார். ஊர் இசைக்குழுவில் கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்து அதன் தலைவராகவும் ஆனார். மஸ்கிங்கத்தில் எபிரேய வகுப்பு ஒன்றையும் எடுத்தார். மாணவர்கள் அவரைவிட வயதில் மூத்தவர்கள். இந்த மூன்று ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. பின்னாளில் பல்கலைக்கழகம் ஒன்றை நடத்திய மனிதருக்குக் கல்லாப்பெட்டி, வாடிக்கையாளர், தன் பேச்சைக் கேட்காத வாத்தியக்காரர்கள் இவையெல்லாம் முதலில் அறிமுகமானது இங்கேதான்.

17 வயதில் யேல் பல்கலைக்கழகம் போனார். அங்கே சமஸ்கிருத அறிஞர் வில்லியம் டுவைட் விட்னியிடம் படித்தார். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், கோதிக் ஆகிய நான்கு மொழிகளின் முன்னிடைச் சொற்களை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதி 1875இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு 19 வயது நிறையவில்லை. அதே ஆண்டில் மஸ்கிங்கம் கல்லூரித் தலைவரின் மகள் எல்லா பாலைத் திருமணம் செய்துகொண்டார்.

முதல் வேலை டென்னசி மாநிலத்தின் மேக்கன் என்ற ஊரில், ஒரு சிறிய பள்ளியின் முதல்வர் பதவி. அடுத்த ஆண்டே ஒஹாயோவுக்குத் திரும்பி டெனிசன் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் பள்ளியில் சேர்ந்தார். டெனிசனில் தலைவராக இருந்த பெஞ்சமின் ஆண்ட்ரூஸ் இந்த இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டார். அவருடைய பரிந்துரையால்தான் 1879இல் சிக்காகோவுக்கு அருகில் மோர்கன் பார்க்கிலிருந்த பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அப்போது ஹார்ப்பருக்கு வயது 22. அந்தக் காலத்தில் கல்லூரித் தலைமைக்கு ஆள் பழக்கப்பட்டது இப்படித்தான். மூத்தவர் ஒருவர் பார்த்து ஒருவரைத் தூக்கிவிட வேண்டும். யார் கண்ணிலும் படாதவர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார்.

மோர்கன் பார்க்கில் அவர் செய்தது எபிரேயத்தை எளிமைப்படுத்தும் வேலை. இலக்கண விதிகளை மனப்பாடம் செய்ய வைக்காமல் வேதாகமத்தின் முதல் வசனத்தையே கையில் கொடுத்து, அதிலிருந்து விதிகளை மாணவரையே கண்டுபிடிக்கச் செய்தார். வகுப்பு நிரம்பியது. 1881இல் கோடை விடுமுறையில் எபிரேயப் பள்ளி நடத்தினார். விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய போதகர்கள் படிப்பைத் தொடர விரும்பியதால் பாடங்களை அச்சடித்துத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த அஞ்சல் வழிக் கல்வி நாடு முழுதும் பரவியது. பாடம் எழுதுவது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது, கட்டணம் வசூலிப்பது, விடைத்தாள் திருத்த ஆள் வைப்பது, கடனை அடைப்பது எல்லாம் அவர் தலையில்.

இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஷாட்டாக்குவா ஏரிக்கரையில் நடந்த கோடைப் பள்ளிக்கும் அவரை அழைத்தார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காக 1874இல் தொடங்கப்பட்ட இடம் அது. பள்ளி ஆசிரியர்கள், குடும்பப் பெண்கள், கடைக்காரர்கள் என்று பலரும் விடுமுறையில் அங்கே படிக்க வந்தார்கள். பகலெல்லாம் வேலை செய்பவருக்கும் உயர்ந்த படிப்பு வேண்டும், நேரமும் இடமும் தோதாக அமைந்தால் அவர் படிப்பார் என்பதை ஹார்ப்பர் கண்ணால் பார்த்தது இந்த ஏரிக்கரையில்தான். 1886இல் யேல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்ட பிறகும் கோடைதோறும் ஷாட்டாக்குவாவுக்குப் போய் அங்குள்ள கல்லூரிப் பிரிவை நடத்தினார்.

அந்த 1886ஆம் ஆண்டில்தான் கடனில் மூழ்கிய பழைய சிக்காகோ பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அதற்குப் பதில் புதிதாக ஒன்று வேண்டும் என்று பாப்டிஸ்ட் திருச்சபையினர் முயன்றார்கள். எண்ணெய்ச் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1889இல் 6 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் மற்றவர்கள் 4 லட்சம் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தாமஸ் குட்ஸ்பீட், ஃபிரெடரிக் கேட்ஸ் இருவரும் வீடு வீடாக, சபை சபையாக அலைந்து அதைத் திரட்டினார்கள். வணிகர் மார்ஷல் ஃபீல்ட் நிலம் கொடுத்தார். தலைவர் பதவிக்கு எல்லாரும் காட்டியது ஹார்ப்பரை. அவருக்கோ ஆராய்ச்சியை விட மனமில்லை. பல மாதங்கள் தயங்கி, கற்பிப்பதையும் நிறுத்தமாட்டேன் என்ற எண்ணத்தோடுதான் 1891இல் பதவியை ஏற்றார். அப்போது வயது 34.

பிறகு நடந்ததை ஆள்பிடி வேட்டை என்றே சொல்லலாம். துறைத்தலைவர்களாக வரும் பேராசிரியர்களுக்கு 7,000 டாலர் வரை ஆண்டுச் சம்பளம் பேசினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. மாசசூசெட்ஸின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் தலைவர் ஸ்டான்லி ஹாலோடு மனக்கசப்பில் இருந்த அறிஞர்களை 1892இல் பெருங்குழுவாகவே சிக்காகோவுக்குக் கொண்டுவந்தார். பிற கல்லூரிகளில் தலைவர்களாக இருந்த பலரையும் அழைத்து வந்தார். வெல்லஸ்லி பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்த ஆலிஸ் ஃபிரீமன் பால்மர் மாணவியர் பகுதிக்கு டீனாக வந்தார். கல்லூரி நடத்தத் தெரிந்தவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம். சொந்தத் தலைமைப் பயிற்சியை அவர் வேலை பார்த்துக்கொண்டே முடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆட்களைப் பறிகொடுத்த ஸ்டான்லி ஹால் அடுத்த ஆண்டு, 1893இல், கிளார்க்கில் உயர்கல்வியைப் பற்றியே ஒரு பாடம் நடத்தினார். கல்லூரி என்பது எப்படி அமைய வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பதை முதுநிலை மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தந்தது அதுவே முதன்முறை என்று அத்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1892 அக்டோபர் 1ஆம் தேதி சிக்காகோ பல்கலைக்கழகம் திறந்தது. மேளதாளம் எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக நடந்துவரும் நிறுவனத்தில் விடுமுறை முடிந்தது போல வகுப்புகள் தொடங்க வேண்டும் என்பது ஹார்ப்பரின் விருப்பம். கட்டடம் முழுதாக முடியாத நிலையிலும் அப்படியே தொடங்கின. ஆண்டை நான்கு காலாண்டாகப் பிரித்து, கோடையிலும் வகுப்பு வைத்தார். பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் வந்து படித்துப் பட்டம் வாங்க அது வழிவிட்டது. அஞ்சல் வழிப் பாடமும் நகருக்குள் மாலை வகுப்புகளும் பல்கலைக்கழகத்தின் அங்கங்களாயின. 1898இல் வேலையிலிருக்கும் ஆசிரியர்களுக்கென்றே தனிக் கல்லூரியும் வந்தது. ஷாட்டாக்குவா ஏரிக்கரை சிக்காகோவுக்கே வந்துவிட்டது போல.

பட்டப்படிப்பைப் பிரிக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தது. முதல் இரண்டு ஆண்டு ஒரு பகுதி, கடைசி இரண்டு ஆண்டு இன்னொரு பகுதி. 1896இல் இவற்றுக்கு ஜூனியர் கல்லூரி, சீனியர் கல்லூரி என்ற பெயர்கள் வந்தன. முதல் பகுதி உயர்நிலைப் பள்ளியின் தொடர்ச்சி என்பது ஹார்ப்பரின் கருத்து. அதை எந்த ஊரிலும் நடத்தலாம். அதற்குப் பெரிய நூலகமோ ஆய்வுக்கூடமோ வேண்டியதில்லை. இரண்டு ஆண்டோடு நிறுத்த வேண்டிய மாணவர் தோற்றவராக வீடு திரும்பக்கூடாது, கையில் ஒரு சான்றிதழோடு போக வேண்டும் என்று நினைத்தார். 1900இல் சிக்காகோ தன் ஜூனியர் கல்லூரியை முடித்தவர்களுக்கு அசோசியேட் பட்டம் வழங்கத் தொடங்கியது. அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளில் அந்தப் பட்டத்தின் பெயர் இன்றும் அதுவே.

அதே 1900இல் அவர் பேசிய இன்னொரு விஷயம் பலருக்குக் கசந்தது. நான்காண்டுப் படிப்பை நடத்தும் அளவுக்குப் பணமும் ஆசிரியரும் இல்லாத சிறு கல்லூரிகள் கடைசி இரண்டு ஆண்டைக் கைவிட்டு ஈராண்டுக் கல்லூரிகளாக மாறட்டும் என்றார். அரைகுறையாக நான்கு ஆண்டு நடத்துவதைவிட ஒழுங்காக இரண்டு ஆண்டு நடத்துவது மேல் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதில் பல்கலைக்கழகத்தின் சுயநலமும் கலந்திருந்தது. இளம் மாணவர்களை ஊர்க் கல்லூரிகள் பார்த்துக்கொண்டால் பெரிய பல்கலைக்கழகம் ஆராய்ச்சியில் கவனம் செலுத்தலாம் அல்லவா?

பியோரியா நகரில் லிடியா மோஸ் பிராட்லி என்ற செல்வப் பெண்மணி 1897இல் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடம் தொடங்கியபோது ஹார்ப்பர்தான் ஆலோசகர். நான்காண்டுப் பள்ளிக்கல்வியோடு இரண்டாண்டுக் கல்லூரியும் சேர்ந்த அமைப்பு அது. ஆனால் நிலைத்த பேர் வாங்கியது ஜோலியட். சிக்காகோவுக்குத் தென்மேற்கே இரும்பு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் குவாரிகளும் நிறைந்த தொழிலாளர் ஊர். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுன் ஹார்ப்பரின் நண்பர். பள்ளி முடித்த பிள்ளைகளை மேலும் இரண்டு ஆண்டு அதே கட்டடத்தில் வைத்துக் கல்லூரிப் பாடம் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் பிறகு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆறாம் படிவம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

1901இல் ஆறு மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு பள்ளி வாரியம் அதை முறைப்படி அங்கீகரித்து, கட்டணமில்லை என்றும் அறிவித்தது. ஆலைத் தொழிலாளியின் மகன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடிக்க முடிந்தது. அமெரிக்காவில் இன்றும் நடக்கும் பொது ஈராண்டுக் கல்லூரிகளில் மூத்தது ஜோலியட்தான்.

ஹார்ப்பரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பணத்தை அவர் வருமானம் பார்த்துச் செலவழிக்கவில்லை. ஆண்டுதோறும் பற்றாக்குறை, ஆண்டுதோறும் ராக்ஃபெல்லரிடம் கையேந்தல். ஒரு கட்டத்தில் கொடையாளி தரப்புக்கே பொறுமை போனது. 1895இல் ரயில் கம்பெனிகளை விமர்சித்த பொருளாதார ஆசிரியர் எட்வர்ட் பெமிஸ் வேலை இழந்தார். அவருடைய கற்பித்தல் தரம் போதவில்லை என்பது பல்கலைக்கழகத்தின் பக்கம். பணக்காரர்களுக்குப் பயந்து வெளியேற்றினார்கள் என்பது பத்திரிகைகளின் பக்கம். அந்தக் கறை நீண்ட நாள் நீங்கவில்லை.

சிக்காகோ நகரப் பள்ளிகளைச் சீர்திருத்த அமைத்த ஆணையத்துக்கு ஹார்ப்பர் தலைமை தாங்கினார். 1899இல் வந்த அதன் அறிக்கை மேலதிகாரிகளின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. வகுப்பறையிலிருந்த ஆசிரியைகளின் குரலுக்கு அதில் இடமில்லை. மார்கரெட் ஹேலி முதலான ஆசிரியைகள் சங்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள், சட்டமன்றத்தில் மசோதா தோற்றது. 1902இல் ஜூனியர் கல்லூரி வகுப்புகளில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து உட்கார வைத்ததும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஜான் டூயி. 1894இல் ஹார்ப்பர் அழைத்து வந்த கல்வித் தத்துவ அறிஞர் அவர். சிக்காகோவில் அவர் நடத்திய பரிசோதனைப் பள்ளி நாடெங்கும் பேசப்பட்டது. அதன் நிர்வாகத்திலும், அங்கே முதல்வராக இருந்த அவருடைய மனைவியின் பதவி விஷயத்திலும் ஏற்பட்ட மனத்தாங்கல் 1904இல் முற்றியது. டூயி வேலையை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்விட்டார். நாட்டிலேயே ஆட்களைச் சேர்ப்பதில் சிறந்தவர் என்று பெயரெடுத்த ஹார்ப்பருக்குச் சேர்த்த ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும் கலை கடைசிவரை முழுதாகக் கைவரவில்லை.

அவருடைய உழைப்புக்குக் குறைவில்லை. விடியுமுன் எழுந்து வேலையைத் தொடங்குவார். சைக்கிள் ஓட்டுவார். தலைவராக இருந்தபடியே எபிரேய வகுப்பை எடுத்தார், ஆமோஸ், ஓசேயா என்ற தீர்க்கதரிசிகளின் நூல்களுக்குப் பெரிய விளக்கவுரை எழுதினார். கார்னெட்டையும் விடவில்லை. 1904இல் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு புற்றுநோய் உறுதியானது. தெரிந்த பிறகும் பல மாதம் எழுதினார், கற்பித்தார், நிர்வாகத்தைக் கவனித்தார். தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் தாமே திட்டமிட்டார். 1906 ஜனவரி 10ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 49.

அவர் விட்டுச்சென்ற எண்ணம் நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் மத்திய மேற்கிலும் ஜூனியர் கல்லூரிகள் முளைத்தன. 1920இல் அவற்றுக்குத் தேசியச் சங்கம் ஏற்பட்டது. கல்லூரிகள் பெருகப் பெருக ஒரு சிக்கல் வெளிப்பட்டது. இவற்றை நடத்துவது யார்? உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்குக் கல்லூரி பழக்கமில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ மாலையில் ஆலை வேலை முடித்து வகுப்புக்கு வரும் மாணவரைத் தெரியாது. இரவுப் பள்ளியும், தொழிற்பயிற்சியும், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பாடமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடத்துக்கு வேறுவகை ஆள் வேண்டியிருந்தது.

லெனர்ட் கூஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1920களில் ஜூனியர் கல்லூரிகளை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். பிறகு அவர் சேர்ந்தது ஹார்ப்பர் கட்டிய அதே சிக்காகோ பல்கலைக்கழகத்தில். 1944இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஈராண்டுக் கல்லூரித் தலைவர்களை உருவாக்கும் முதுநிலைப் பயிற்சியைத் தொடங்கியது. 1960 வாக்கில், காலைச் சிற்றுண்டிச் சோளச் செதிலால் உலகமறிந்த கெல்லாக்கின் பெயரிலான அறக்கட்டளை நிதி கொடுத்தது. மொத்தம் 12 பல்கலைக்கழகங்களில் அத்தகைய பயிற்சி மையங்கள் எழுந்தன. கல்லூரி நிதி, சட்டம், பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றைப் படித்து, பணியிலிருக்கும் கல்லூரித் தலைவர் ஒருவரோடு கூடவே இருந்து களப்பயிற்சி பெற்று, ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் டீன்களாகவும் தலைவர்களாகவும் போனார்கள். அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு சமூகக் கல்லூரி திறந்துகொண்டிருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை.

சிக்காகோவின் வடமேற்கே பாலட்டைன் என்ற ஊரில் அந்த நாட்களில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி ஹார்ப்பரின் பெயரைத் தாங்கி இன்றும் நடக்கிறது. ஜோலியட்டில் ஆறு பேரை வைத்து வகுப்பு தொடங்கிய ஸ்டான்லி பிரவுன் 1919இல் அதே மாநிலத்தின் டிகால்ப் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். எட்டு ஆண்டுகள் அதை நடத்தினார். கல்லூரித் தலைமைக்கென்று அவருக்கும் யாரும் பாடம் நடத்தியதில்லை.